வெள்ளி மாலை ஆறு பன்னிரண்டு

மேலாளர் ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, “இந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்கம்மா. டாக்டர் போன்ல பிடிபிடின்னு பிடிச்சிட்டார்,” என்றார். திங்கட்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினி வேலை மொத்தத்தையும் பார்ப்பவள் அவள்தான். எல்லோருக்கும் ‘சிஸ்டம் அக்கா’.

எண்ணைத் தட்டினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர், வயது நாற்பத்தாறு. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அபாய அளவுக்கும் கீழே. முடிவு தயாரானது வெள்ளி மாலை ஆறு பன்னிரண்டு. டாக்டருக்கும் நோயாளிக்கும் செய்தி போனது திங்கள் காலை ஒன்பது. இடையில், ஞாயிறு மத்தியானம், அந்த மனிதருக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

முன்பெல்லாம் முடிவு தயாரான நிமிடமே செய்தி தானாகப் போய்விடும். ஆனால் ராத்திரியில் அது அடிக்கடி மக்கர் பண்ணும். பண்ணினால் அவள் போன் அலறும். எழுந்து சரிசெய்துவிட்டுப் படுத்தால் தூக்கம் போன இடம் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுக்குள் மட்டும் செய்தி போனால் போதும் என்று மாற்றினாள். காரணம் என்ற இடத்தில் ‘நோயாளிகளின் இரவு உறக்கம் கெடாமல் இருக்க’ என்று எழுதினாள். படித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவசர முடிவுகளும் அதே வரிசையில்தான் போகின்றன என்பது அவள் நினைவுக்கே வரவில்லை.

மாற்றியதை அன்றே பழையபடி ஆக்கினாள். அதற்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

“அந்த மாத்தத்துக்கு நான்தானே கையெழுத்து போட்டேன். உங்க மேல ஒண்ணும் வராது, விடுங்க,” என்றார் மேலாளர். விட முடிந்தால் தேவலை. சோறு இறங்கவில்லை. என்ன ஏது என்று கேட்ட கணவனிடம் தலைவலி என்றாள். தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் கசியலாம், முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருப்பார்கள் என்று என்ன நிச்சயம் என்றெல்லாம் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தாள். எதுவும் எடுபடவில்லை.

பத்தாம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஓட்டுநர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையும் காலும் விழுந்திருந்தன. பேச்சு இன்னும் வரவில்லை. துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, பரிசோதனைக் கூடத்திலிருந்து வருகிறேன் என்று இவள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ரெண்டு நாளும் போனைக் கைய விட்டு வைக்கலைங்க. மெசேஜ் வந்துச்சா வந்துச்சான்னு பாத்துக்கிட்டே இருந்தார். ஞாயித்துக்கிழமை காலைலகூட, ‘ஏதாவது இருந்தா உடனே சொல்லியிருப்பாங்களே, ஒண்ணும் இருக்காது’ன்னு சொல்லிட்டு நிம்மதியா சாப்பிட்டார்.”

அவள் உட்காரவில்லை. “ஆறு மணிக்கு மேல அனுப்ப வேணாம்னு மாத்தினது நான்தாங்க.”

மனைவியின் கை துண்டின்மேல் நின்றது. “ஏன்?”

எழுதி வைத்த காரணம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இந்தப் பெண் நம்பியிருப்பாள். ஒருவேளை தலையைக்கூட ஆட்டியிருப்பாள்.

“ராத்திரி அது நின்னு போனா என்னை எழுப்பும். நான் தூங்கணும்னு பண்ணேன்.”

அடுத்த கட்டில்காரருக்கு நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்தாள். மனைவி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“தூங்கினீங்களா?”

“தூங்கினேன்.”

மனைவி அடுத்த துண்டை எடுத்து உதறினாள். கட்டிலில் இருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடது கையால் தன் வலது கையைத் தூக்கிக் கட்டிலின் கம்பிமேல் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடக்கினார். கடைசி விரலை மடக்கி முடிப்பதற்குள் முதல் விரல் விரிந்துகொண்டது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.