ஏழாம் அறையின் கண்ணாடி

ஏழாம் அறைக் கதவின் கண்ணாடி இடுப்புக்குக் கீழேயும் நீள்கிறது என்பதை, பஞ்சுக்குச்சியின் மூடி கை தவறி விழுந்தபோதுதான் கவனித்தேன். குனிந்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், உட்பக்கம், ஒரு முழு உள்ளங்கை படிந்திருந்தது.

தொற்று நோயாளி போன பிறகு தனிமை அறையில் கிருமி மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கட்டில் கம்பி, அழைப்பு மணி, குழாய், கைப்பிடி என்று பட்டியலில் பன்னிரண்டு இடங்கள். பன்னிரண்டும் சுத்தமாக வந்தன. பட்டியலில் இல்லாத அந்த இடத்தையும் அன்று ஒற்றி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அது மட்டும் தேறவில்லை. மறுநாளும் தேறவில்லை. மூன்றாவது முறையும் இப்படி வந்தால் துப்புரவு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நான் குனியாமல் இருந்திருக்கலாம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அறைக்குள் நானும் அக்காவும் மட்டும்.

"அக்கா, அந்த இடத்தை மட்டும் மறந்துட்டீங்களா?"

"மறக்குற ஆளா நான்? கட்டிலுக்கு அடியில படுத்துத் துடைக்கிறவ." துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இங்க இருந்தாரே பஸ் டிரைவர், அவரு வீட்டம்மா சக்கர நாற்காலியில கண்ணாடிக்கு வெளிய வருவாங்க. அண்ணாந்து பார்த்தா அவங்களுக்குக் கழுத்து வலிக்குமாம். மனுஷன் ஆக்சிஜன் குழாயோட தரையில உக்காந்து கண்ணாடியில கைய வெச்சுடுவாரு. 'எந்திரிங்க சார், யாராச்சும் பார்த்தா என் தலை உருளும்'பேன். 'உருண்டா எடுத்துத் தரேன்'பாரு."

"இப்ப அவரு எங்க?"

"மேல, தீவிர சிகிச்சையில. அங்க அந்தம்மாவ விடல. சாயங்காலமானா இங்க வந்து, அந்தக் கை மேல வெளிய இருந்து கைய வெச்சுட்டுப் போறாங்க. நான் எப்படித் துடைக்கிறது? நீயே சொல்லு."

இந்த அறைக்காகக் கீழே புது நோயாளி ஒருவர் மூச்சுவாங்கக் காத்திருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

வெளியே சக்கரம் உரசும் சத்தம். அந்தம்மா வந்துவிட்டார். அக்காவின் கையிலிருந்த துணியைப் பார்த்தார், என் பஞ்சுக்குச்சிப் பெட்டியைப் பார்த்தார்.

"புதுசா ஒருத்தர் வராராம்மா?" கண்ணாடிக்கு அப்பாலிருந்து குரல் மெலிதாக வந்தது.

அக்கா தலையசைத்தாள்.

"அப்ப தொடைச்சிடுங்க. பாவம், அவங்க வீட்டுலயும் யாராவது இருப்பாங்க."

அக்கா மண்டியிட்டாள். ஈரத்துணி ஒருமுறை போய் வந்தது. உள்ளங்கை இல்லை. நான் பெட்டியைத் திறந்தேன்.

"இருங்க," என்றார் அந்தம்மா. விரலால் கண்ணாடியைத் தொட்டார். "இங்க கன்னத்தை வெச்சாரு."

அக்கா அங்கே துடைத்தாள்.

"இங்க ஊதி, ஆவியில பஸ் வரைஞ்சாரு. பஸ்ஸா அது, பூசணிக்காய்க்குச் சக்கரம் வெச்ச மாதிரி. இங்க தட்டித் தட்டிக் கூப்பிடுவாரு, நான் தூங்கிட்டேன்னா."

அந்த இடங்களில் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நானும் மண்டியிட்டேன். விரல் வெளியே மெல்ல நகர்ந்தது. துணி உள்ளே அதைத் தொடர்ந்தது. துணிக்குப் பின்னால் என் பஞ்சுக்குச்சி. கண்ணாடியின் ஓரத்துக்கு வந்ததும் விரல் நின்றது. துடைக்க அந்த ஓர் இடம்தான் மிச்சம்; அவர் விரலை எடுக்கவில்லை. அக்கா துணியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.