திருமலை கரையேறும் வரை

1

ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. சொந்தமாகச் சினிமாப் படம் எடுக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பத்திரிகையில் கதை கேட்டார்கள், ஒப்புக்கொண்டுவிட்டேன். எனக்கு அப்படி யாரையும் தெரியாததால் ஹில்டா டீச்சரை உண்டாக்கினேன்.

முதல் வரி: ‘அலைகள் ஓயாமல் கரையை—’ வேண்டாம். காசிமேட்டு மீனவக் குப்பத்தில் யாரும் அலையைப் பற்றி இப்படிப் பேசமாட்டார்கள்.

இன்னொன்று: ‘1953. ராயபுரத்தில் பூகோளம் நடத்திய ஹில்டா டீச்சர், லீவு நாட்களில் படம் எடுத்தார்.’ இது போதும்.

(ஒரு டீச்சருக்கு சினிமா கேமரா ஏது? சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரைசானி கொடுத்துவிட்டுப் போனது. இதைவிட நல்ல காரணம் தோன்றினால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

2

முன்பே இரண்டு படம் எடுத்திருந்தார். ஒன்று எண்ணூர் உப்பளம், மற்றது திருவொற்றியூரில் ஆலை விடும் நேரம். இரண்டும் பள்ளி ஆண்டு விழாவில் ஓடின. இரண்டிலும் தலைமையாசிரியை தூங்கினார்.

வகுப்பில் கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாய் திறக்காமல் நிற்பது டீச்சரின் வழக்கம். படத்திலும் அதேதான். ‘இப்படி நடி’ என்று சொல்லமாட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, கேமராவை ஓடவிட்டுக் காத்திருப்பார்.

3

மூன்றாவது படத்துக்குக் கடைசிக் காட்சி பாக்கி. கையில் ஒரே ஒரு பிலிம் சுருள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, மனைவி கரையில் அழவேண்டும். மனைவியாக மீன் விற்கும் குப்பம்மா.

“அயுவ மாட்டேன் டீச்சரம்மா. எம் வூட்டுக்காரு கடல்ல கீறாரு.”

“சினிமாதானே, குப்பம்மா?”

“சினிமான்னு கடலுக்கு இன்னா தெரியும்?”*

* கட்டுமரம் கடலில் இருக்கும்போது அந்தக் குப்பத்தில் பெண்கள் அழுவதில்லை. “எங்க நைனா செத்தப்பகூட, மரம் கரையேறனப்புறந்தான் அயுதேன்” என்றாள் குப்பம்மா.

4

மதியம் அவள் புருஷன் திருமலை வந்து சேர்ந்தான். கட்டுமரத்தை மணலில் ஏற்றிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இனி அழலாம் என்று டீச்சர் கேமராவை ஓடவிட்டார்.

“இன்னாமே, நான் கடலோட பூட்டேனாம்? எங்க, அயுவு பாப்போம்.”

குப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. டீச்சரும் கேமராவை நிறுத்தவில்லை, பழக்கதோஷம். சுருள் முழுக்கச் சிரிப்பிலேயே தீர்ந்தது. டீச்சர் மணலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது.

5

முடிவு அ: படத்துக்குப் பரிசு கிடைக்கிறது. [அடித்துவிட்டேன். யார் கொடுப்பார்கள்?]

முடிவு ஆ: தலைமையாசிரியை முதல்முறையாக விழித்திருக்கிறார்.

முடிவு இ: ஆண்டு விழாவுக்கு முன் திருமலை உண்மையிலேயே திரும்பாமல் போகிறான். திரையில் குப்பம்மா சிரிக்கிறாள். இதுதான் நல்ல முடிவு, எந்தப் பத்திரிகையும் போட்டுக்கொள்ளும். உற்சாகமாக ஆரம்பித்தேன்:

‘விடியுமுன் திருமலை கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்கினான். மதியமாயிற்று. மற்ற மரங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. அவனுடையது மட்டும்—’

இதற்குமேல் கை ஓடவில்லை. குப்பம்மா கரையில் நின்று என்னையே பார்க்கிறாள். கதைதானே என்று சொல்லிப் பார்த்தேன். கடலுக்கு அது தெரியாதாம். பயமாக இருக்கிறது.

வாக்கியத்தை அடித்துவிடலாம் என்றால், ஆள் அதற்குள்தான் இருக்கிறான். அந்த வாக்கியத்தை முடித்து நீங்கள்தான் அவனைக் கரைசேர்க்க வேண்டும். அவசரமில்லை, ஹில்டா டீச்சர் காத்திருப்பார். அதுவரை தயவுசெய்து யாரும் அழாதீர்கள்.