பஸ்கார அண்ணன்

மனைவியின் நோய் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பதினோரு வருடமாக மனப்பாடம். பெருங்குடல் முழுக்கப் புண். நாளுக்குப் பதினைந்து தடவை கழிப்பறைக்கு ஓடுவாள்; ஓடுகிற இடத்தில் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பார்ப்பவர் அவர். எந்த மாடியில் கழிப்பறையைப் பூட்டமாட்டார்கள், எந்தக் காவலாளி கேள்வி கேட்காமல் விடுவார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கணக்கு டீச்சரான அவளைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழியையே அதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை வைத்து, வெளியே பை மாட்டிவிடலாம் என்றார் டாக்டர். மூன்று வாரத்தில் ஆபரேஷன். அவள் வாயடைத்துப் போய்விட்டாள். அதைக் கண்ட நர்ஸ் ஒரு போன் நம்பர் கொடுத்தார். இதே ஆபரேஷன் முடிந்து நாலு வருடமாகப் பையோடு பஸ் ஓட்டுகிற ஒருவருடையது. "சும்மா பேசிப் பாருங்களேன்."

பேசினாள். அன்று பிடித்தது மெக்கானிக்குக்குச் சனி.

தினமும் சாயங்காலம் அந்த ஆளின் வேலை முடியும் நேரத்துக்குப் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு சிரிப்பு கேட்கும். அடுப்படியில் மெக்கானிக் கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவுவார். பதினோரு வருடமாக அவள் கட்டிலடி வாளியைக் கழுவியவன் நான், சிரிப்பு மட்டும் எவனுக்கோவா?

"அப்படி என்ன சிரிப்பு?" என்று கேட்டால், "சும்மாங்க, பஸ்கார அண்ணன் ஏதோ சொன்னாரு" என்பாள். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் பொறாமை வரக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ஒருநாள் கதவு சரியாகச் சாத்தவில்லை. "பயமா இருக்குண்ணே. மயக்கம் குடுத்தா முழிக்காமலே போயிடுவேனோன்னு... இவர்கிட்ட சொல்ல முடியாது. சொன்னா ஸ்பேனரைத் தூக்கிட்டு ரிப்பேருக்கு வந்துடுவாரு."

காது இரண்டும் எரிந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, கடை எதிலும் ஏறாமல் நடந்துவிட்டுத் திரும்பினார்.

வயிற்றில் துளைக்கு இடம் குறிப்பதற்கு முந்தின நாள், அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. இவர் எடுத்தார்.

"மாப்பிள்ளையா? நல்லதாப் போச்சு. நாளைக்கு நர்ஸ் வயித்துல பேனாவால இடம் குறிப்பாங்க. படுக்க வச்சே குறிச்சுடாம, உட்கார்ந்து, நின்னு, குனிஞ்சு பார்த்துட்டுக் குறிக்கச் சொல்லுங்க. எனக்கு அவசர ஆபரேஷன், யாரும் இடம் பார்க்கல. பெல்ட்டுக்கிட்ட வந்துடுச்சு. சீட்ல உட்கார்ந்தா உயிர் போகுது. தங்கச்சிகிட்ட மறக்காம சொல்லிடுங்க."

மாப்பிள்ளையாமே! "சரி" என்று வைத்தார். அந்த அழைப்பு வந்த தடத்தையே போனிலிருந்து அழித்தார்.

மறுநாள் நர்ஸ் பேனாவைத் திறந்ததும், அத்தனையையும் தன் சொந்த யோசனைபோல எடுத்துவிட்டார். கூடவே, "போர்டுல எழுதும்போது கையைத் தூக்குவா, அதையும் பார்த்துக்குங்க" என்று தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்.

"நிறைய விசாரிச்சிருக்கீங்களே" என்றார் நர்ஸ். மனைவி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில் பார்த்தது. வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் பால்கனிக்குப் போகவில்லை. சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள். "அண்ணே, இன்னைக்கு எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினாரு தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். மெக்கானிக் சோபா உறையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் பஸ்காரர் லேசாகச் செருமினார். "அப்படியா! எனக்குக்கூடத் தோணலையேம்மா. கெட்டிக்கார மாப்பிள்ளைதான்."

காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். பிச்சையல்லவா போட்டுவிட்டான்! இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவள் கையிலிருந்த துண்டை வீசினாள். "அவர் சொன்னதுன்னு சொல்லியிருந்தா உங்களை விட்டுட்டு ஓடியா போயிடுவேன்?"

"நீ அந்தாளுகிட்டதான் சிரிக்கிற. பயத்தைக்கூட அந்தாளுகிட்டதான் சொல்ற."

"ஒட்டுக்கேட்டீங்களா?"

"கதவு திறந்திருந்துச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட சொன்னா உங்க முகம் செத்துப் போயிடும். அப்புறம் நான்தான் உங்களைத் தேத்தணும். அவரு எனக்கு யாரோ. யாரோ ஒருத்தர்கிட்ட கொட்டிட்டுப் போயிடலாம்."

யாரோ என்ற சொல் கொஞ்சம் குளிர்ந்தது. முழுசாக இல்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது, நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் பஸ்காரர் மனைவியோடு பார்க்க வந்தார். வாட்டசாட்டமான ஆளை எதிர்பார்த்தவருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி ஆள் நின்றார். உள்ளே போன ஒரு நிமிடத்தில், "சிரிக்க வைக்காதீங்கண்ணே, தையல் வலிக்குது" என்றாள் அவள். மெக்கானிக் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

பக்கத்தில் பஸ்காரரின் மனைவி, மடியிலிருந்த கைப்பையை நசுக்கிக்கொண்டிருந்தாள். "தினம் சாயங்காலம் போனோட மொட்டை மாடிக்குப் போயிடுறாரு. என்கிட்ட நாலு வார்த்தை பேச ஆளுக்கு நேரமில்ல."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்குமா?"

"பின்னே? எனக்கு மட்டும் எரியாதா?"

இரண்டு பேரும் அந்த மூன்று வாரத்தையும் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பை மாத்தணும். வீட்டுக்காரர் உள்ள வாங்க, மத்தவங்க வெளியே."

பஸ்காரர் வெளியேறினார். அவருக்கு வழிவிட்ட மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு அற்ப சந்தோஷம்.

மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். "பார்க்கவே பயமா இருக்குங்க."

ஒன்றுமில்லை, இதோ பார், இப்படிப் பண்ணினால் போதும் என்று வாய்வரை வந்ததை விழுங்கினார். "எனக்கும்தான்" என்றார்.

நர்ஸ் கையுறையை நீட்டினார். அவள் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.