பெருமூச்சுக்கு ஒரு விசில்

அவள் பிழைப்பே அடுத்தவர் வாயில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டப்பிங் பேசுகிறவள். கதாநாயகியின் தோழி, ஆஸ்பத்திரி நர்ஸ், மகன் ஓடிப்போனதும் மயங்கி விழுகிற அம்மா, குழந்தைகள் படத்தில் வாயாடி அணில் எல்லாம் அவள்தான். அந்த அணிலைப் பற்றி மட்டும் அவள் வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட பெருமை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் புதிதாக யார் சேர்ந்தாலும், “அந்த அணில் யாருன்னு நெனச்சீங்க? நம்ம வீட்டுக்காரம்மாதான்” என்று ஆரம்பித்துவிடுவார்.

அதே மனிதர்தான் கல்யாணமான புதிதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “படுக்கையறை சீனுக்கெல்லாம் குரல் குடுத்தேன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே இந்த வேலைக்கு முழுக்கு. ஆமா.” அவள் தலையாட்டிவைத்தாள். வேலை போனால் அவளுக்கு என்ன மிஞ்சும்? பஞ்சு ஒட்டிய சுவரும் ஒரு ஸ்டூலும் மைக்கும் உள்ள அந்தச் சின்ன அறையில்தான், “என் சட்டை எங்கே?” என்று அவளை யாரும் கேட்பதில்லை. அவள் வாய் திறந்தால் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். அதை விட்டுவிட அவளுக்கு மனம் வருமா?

ஆனாலும் இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டாள். கதாநாயகிக்கு மொழி தெரியாது. குரல் ஆழமாக வேண்டும் என்றார்கள். “பேரு மட்டும் போடாதீங்க” என்று கேட்டுக்கொண்டு பேசிவிட்டாள். படத்தில் ஒரு மனைவி, ஒரு கணவன். பாதிப் படம் கட்டிலில் ஓடும். மீதிப் படம், இவள் அவனை என்ன செய்யப்போகிறாளோ என்ற நடுக்கத்தில் ஓடும். ஒவ்வொரு விபரீதத்துக்கும் முன்னால் அந்த மனைவி குனிந்து அவன் காதருகே, “தூங்கிட்டீங்களா?” என்று கேட்பாள். அவ்வளவுதான் வசனம். கேட்கிறவனுக்குக் குலை நடுங்கும்.

வசனம் ஒரு நாள், மூச்சு ஒரு நாள். அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். ஓடுகிற மூச்சு, பயந்த மூச்சு, கட்டில் மூச்சு என்று தனித்தனியாக விட்டுக் கொடுக்க வேண்டும். இயக்குநர் சின்ன வயசுக்காரர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “அக்கா, இதுல ஆசையே இல்லக்கா. இன்னொண்ணு” என்பார். விட்டாள். “இது சளி பிடிச்ச மாதிரி இருக்குக்கா.” மறுபடியும் விட்டாள். தலை கிறுகிறுவென்று வந்தது. கடைசியில் அவரே அலுத்துப்போய், “சரிக்கா, போதும், இருக்கறத வச்சு ஒப்பேத்திக்கறேன்” என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாடியில் காயப்போட்ட துணி இந்நேரம் மழையில் நனைந்திருக்கும். போய்ச் சமைக்க வேண்டும். சட்டை இஸ்திரி போட வேண்டும். நினைக்க நினைக்க, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு நீளமாக வந்தது. சவுண்ட் என்ஜினியர் பதிவை நிறுத்த மறந்திருந்தார்.

இயக்குநர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். “அக்கா! இதுதான்க்கா! இதத்தானே மத்தியானத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை.

படம் வந்தது. ஊரே அதைத்தான் பேசியது. ஆபீசிலும் வேறு பேச்சில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு மூன்று டிக்கெட்டோடு வந்து நின்றார். அவருக்கு, அவளுக்கு, அவர் தங்கைக்கு. தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள், கேட்டால்தானே?

தியேட்டரில் ஒரு சீட்டு காலியில்லை. முதல் கட்டில் காட்சியிலேயே முன்வரிசைப் பையன்கள் ஊளையிட்டார்கள். வயசான ஒரு தம்பதி எழுந்து, “கர்மம், கர்மம்” என்று சொல்லிக்கொண்டே வாசல்வரை போய், அங்கேயே நின்று பார்த்தார்கள். நாத்தனார் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், விரல்களுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு. அவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டில் தெரிந்த வீட்டுக்காரரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ கண்டுபிடித்துவிடுவார், இப்போது திரும்புவார், இன்றோடு மைக்குக்கும் ஸ்டூலுக்கும் கும்பிடு.

அந்த மூச்சு வந்தது. திரையில் வேர்த்த கழுத்தும் கலைந்த கூந்தலும். அதற்கு மேல் அவள் பெருமூச்சு தியேட்டர் முழுக்கப் பரவியது. பிறகு எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்ப, அதைத் தொடர்ந்து கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆண்கள் கத்தினார்கள்.

வீட்டுக்காரர் சீட்டின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். “என்ன மூச்சுடா சாமி!” என்றார், தனக்குத்தானே.

இந்தப் பக்கம் நாத்தனார் அவள் தோளில் சாய்ந்து குசுகுசுத்தாள். “பாவம் அண்ணி, இவ அலுத்துப் போயிருக்கா. இவனுங்க எதுக்கு விசிலடிக்கிறானுங்க?”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பாடா, தப்பித்தோம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அது இடைவேளைவரைகூட நிற்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷனுக்கு, தினமும் பாத்திரம் கழுவும்போது கேட்கிற மூச்சு அடையாளம் தெரியாதா? பயந்ததெல்லாம் வீண் என்று நினைக்கும்போது, பயந்ததைவிட அதிகமாக வலித்தது.

நாத்தனாரை அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பியபோது சாயங்காலம். மடிக்காத துணி கட்டிலில் மலையாகக் குவிந்து கிடந்தது. வீட்டுக்காரர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, ஆபீஸ் நண்பருக்கு போன் போட்டுவிட்டார். “படம் கிடக்குதுய்யா, விடு. அந்தக் குரல் இருக்கே, அதுக்குச் சிலையே வைக்கலாம்! அப்படி ஒரு பொம்பளை கூட வாழ்றவன் குடுத்து வச்சவன்யா.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. தன்னையறியாமல் அந்த மூச்சு வந்தது, அதே அடிவயிற்றிலிருந்து, அதே நீளத்தில்.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “எதுக்கு இப்ப சனியன் புடிச்ச மாதிரி பெருமூச்சு விடுற? வீடு விளங்குமா?”

மடித்துக்கொண்டிருந்த சட்டையை அவள் கட்டிலில் வைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. எழுந்து போய், அவர் காதருகே குனிந்து, அந்தக் குரலில் கேட்டாள்.

“தூங்கிட்டீங்களா?”

போனிலிருந்து, “ஹலோ, ஹலோ” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கட்டிலில் வைத்துவிட்டார். முகத்தில் முதலில் கோபம்தான் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். இப்போதுதான் சிலை வைத்த ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், தியேட்டரில் சீட்டின் கையை இறுக்கிப் பிடித்தபோது இருந்த அதே முழி.

“இன்னொரு தடவை சொல்லேன்,” என்றார்.

அவள் சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அந்தக் குரல் வேலைக்குங்க, வீட்டுக்கு இல்ல. நாளைக்குக் காலையில ரெக்கார்டிங் இருக்கு, தொண்டை வேணும். மிச்சத்த நீங்களே மடிச்சு வைங்க.”

அவள் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் துணி உதறுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து, குவியல் பாதிகூடக் குறையாமல் இருந்தபோது, அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அதற்கு யாரும் விசிலடிக்கவில்லை.