பெடல் இறங்கியது

மருமகன் மெக்கானிக்காக வாய்த்துவிட்டால் வீட்டு வண்டிக்கு ஒரு தும்மல்கூட வராது என்று மாமனார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவருடைய கார் மகளின் கல்யாணத்துக்கு முந்தியது. மற்றவர்கள் அதைப் பழைய இரும்பு என்பார்கள். அவரோ தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு, பேத்தியை அதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். ஓய்வு பெற்றபின் அவருக்கென்று இருந்த ஒரே வேலை அது.

அந்த வேலைதான் இப்போது பறிபோயிருந்தது. போன மாதம் ஓர் இறக்கத்தில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்த கார், தானாக நகர்ந்து முன்னாலிருந்த வேனில் முட்டியது. பேத்தியின் நெற்றி புடைத்துப்போனது. "மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன் மாப்பிள்ளை. பெடல் மெல்ல மெல்ல உள்ள போச்சு," என்றார் மாமனார்.

மருமகன் உடனே காரில் ஏறி ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தான். பெடல் கல் மாதிரி நின்றது. தெருக்கோடிவரை ஓட்டிப்போய் நிறுத்தினான். நிறுத்திய இடத்தில் நின்றது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, போன வாரம்தான் நானே பிரேக் ஆயிலை மாற்றி எல்லாவற்றையும் சரிபார்த்தேன் என்று வீட்டார் முன்னால் அடித்துச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அவன் மனைவி தன் அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். கண் அசந்திருப்பீர்கள், கால் மரத்திருக்கும், வயதாகிவிட்டதை ஒத்துக்கொள்ள மனசில்லை என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். பெரியவர் கார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது காரை விற்றுவிடுவதென்று முடிவாகி, வாங்குகிறவர் சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குமுன் வண்டியை ஒரு பார்வை பார்த்துவைக்க வேண்டியது மருமகன் பொறுப்பு.

பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தான். இந்த முறை ஓங்கி மிதிக்கவில்லை. சிக்னலில் நிற்கிறவர்கள் வைத்திருப்பதுபோலக் காலை லேசாக வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தான். பெடல் இறங்கியது. அவசரமில்லாமல், நிற்காமல் இறங்கிக் கடைசியில் தரையைத் தொட்டது.

சக்கரங்களில் ஈரமில்லை. பிரேக் ஆயிலும் குறையவில்லை. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்கினால் கோளாறு, மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அரிச்சுவடி. கழற்றிப் பிரித்தான். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது. சிலிண்டரின் உள்பக்கம், கடைக்கோடியில் துரு.

எப்படிக் கிழிந்தது என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. வழக்கமாகப் பிரேக் போடும்போது பெடல் தரைவரை போவதில்லை என்பதால், வருஷக்கணக்காக அந்தப் பிஸ்டன் பாதி தூரம்தான் போய்வந்திருக்கிறது. போகாத மீதி இடத்தில் துரு ஏறிவிட்டது. அதனால்தான் பழைய வண்டியில் பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்து மிதிக்க வேண்டும். தரைவரை மிதித்தால் ரப்பர் துருவில் உரசிக் கிழியும். பட்டறை ஆட்களுக்கு அவன் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். விபத்துக்கு முந்தின வாரம் ஆயில் மாற்றிய அன்றைக்கு, மாமனார் வண்டிதானே, என்ன கேட்டுவிடப்போகிறார் என்று கட்டை தேடச் சோம்பல்பட்டுத் தரைவரை மிதித்துத் தள்ளியது அவன் கால்தான்.

கை தவறுவது யாருக்கும் உள்ளதுதான், அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் மெல்ல மெல்ல உள்ளே போனது என்று அவர் சொன்னபோதே அவனுக்குச் சுருக்கென்றது. ஓங்கி மிதித்தால் கிழிந்த ரப்பரும் விரிந்து அடைத்துக்கொள்ளும்; லேசாக மிதித்திருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். வெளிப்பட்டுவிடக் கூடாதென்றுதான் ஓங்கி மிதித்தான். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள பெரியவரின் கால்மேல் பழியைப் போட்டிருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புது சிலிண்டரை மாட்டி, வாயை மூடிக்கொண்டு விற்றுவிட்டால் ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. அந்த யோசனையும் வந்தது, வராமல் இருக்குமா? சிலிண்டரை மாட்டினான், கட்டை வைத்துக் காற்றை எடுத்தான், வாங்கவிருந்தவருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றான். காரை வீட்டுக்கு ஓட்டிவந்தான்.

கூடத்தில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைச் சுவரில் வைத்து அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். காலுக்கு வலு வரட்டும் என்று மகள் சொல்லிக்கொடுத்த பயிற்சி. மருமகன் மனைவியையும் கூப்பிட்டு நிறுத்தி, ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"தப்பு என்னோடதுதான் மாமா. உங்க கால்ல ஒண்ணும் இல்ல. அன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வேணும்னேதான் சரியாப் பாக்கல."

மனைவிக்கு, அப்பாவைச் சொன்ன சொல்லெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாமனார் திட்டுவார் என்று மருமகன் காத்திருந்தான். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மருமகன் பின்னாலேயே ஓடிவந்து சாவியை இரண்டு கையாலும் நீட்டினான்.

பெரியவர் டிரைவர் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். பெடலில் காலை வைத்து லேசாக அழுத்தினார். இறங்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்து, வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். அப்போதும் இறங்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று மருமகனுக்கு மூச்சு வந்தது.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். மெதுவாக வண்டியைச் சுற்றி நடந்துபோய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"நீங்களே ஓட்டுங்க மாப்பிள்ளை. பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார். "பாப்பா உக்காருற வண்டி. எனக்குத்தான் பயமா இருக்கு."