பாதிக்கப்பட்ட துணி

மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்துவிடுவார்கள்.

தையற்காரியின் மிஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. சுவருக்கு அப்பால் காவல் நிலையத்தின் பின்னறை. முதலில் அடி விழும். அப்புறம் ஓர் இளைஞனின் அலறல். அலறல் கேட்டதும் மிதியில் இருக்கும் அவள் கால் தானாக நின்றுவிடும், காலர் கோணிக்கொள்ளும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடையைப் பூட்டிவிட்டு மனித உரிமை ஆணையத்துக்கு பஸ் ஏறினாள்.

குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "அடி வாங்கறவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"யாருன்னே தெரியாது சார்."

"அப்ப நீங்க புகார் குடுக்க முடியாதும்மா. பாதிக்கப்பட்டவர் வரணும். இல்ல, சொந்தக்காரங்க வரணும். இல்லன்னா அவரு கையெழுத்துப் போட்டு உங்கள அனுப்பணும்."

"அவர உள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க சார்."

"வெளிய வந்ததும் வரச் சொல்லுங்க."

"வெளிய வரணும்னுதானே நான் வந்திருக்கேன்."

குமாஸ்தா கெட்டவர் இல்லை. விதியை மீற மாட்டார். ஆனால் விதியில் ஊசி நுழைய இடமிருந்தால் காட்டிக்கொடுப்பார். "அந்தச் சத்தத்தால உங்களுக்கு ஏதாச்சும்...?" என்று இழுத்தார்.

"தைக்கிற காலரெல்லாம் கோணலாப் போகுது."

"அதச் சொல்லுங்க. தொழில் செய்யற உரிமை."

புகார் பதிவானது. அதில் அலறல் இருந்தது, அலறியவன் இல்லை.

ஆணையம் முறைப்படி காவல் நிலையத்துக்கு முன்னறிவிப்பு அனுப்பியது. அது போய்ச் சேர்ந்ததும் போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்தார்.

"என்னம்மா, நம்மால உனக்குத் தொந்தரவாமே? எங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்ல" என்று சிரித்தபடி, மூலையில் கிடந்த துண்டுத் துணிகளைக் காலால் கிளறினார். "இதுல மெத்துனு ஒண்ணு குடு. கட்டினா அவுறக் கூடாது."

ஏதோ ஜன்னலுக்குத் திரை கட்டப்போகிறார்கள் என்று நினைத்து, நீலப் பூப்போட்ட துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மதியம் ஆணையத்தின் அதிகாரி கடைக்கு வந்தார். சுவரில் காதை வைத்தார். போலீஸ்காரர் வரவழைத்த டீயைக் குடித்தார். மறுபடி காதை வைத்தார். 'சத்தம் இல்லை, குறை தீர்ந்தது' என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தையற்காரி மிஷினில் உட்கார்ந்தாள். இப்போதும் கால் அசையவில்லை. மெத்துனு. அவுறக் கூடாது. அலறலை நிறுத்தச் சொன்னது அவள் புகார். நிறுத்தியது அவள் துணி.

மறுநாள் காலையிலேயே குமாஸ்தா முன்னால் போய் நின்றாள்.

"மறுபடி சத்தமா?"

"சத்தமே இல்ல சார். என் துணி ஒண்ணு அந்த ரூம்ல இருக்கு. அத நான் பார்க்கணும்."

"நீங்க வித்த துணியா?"

"இரவல். மெத்துனு வேணும், கட்டினா அவுறக் கூடாதுன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

குமாஸ்தா அவளையே பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மெல்ல மூக்குக்கு இறங்கியது.

"சொத்துரிமை" என்றார். "பொருள் இருக்கற இடத்த நேர்ல பார்த்தே ஆகணும். இதுக்கு முன்னறிவிப்பும் கிடையாது. பொருள ஒளிச்சு வெச்சிடுவாங்களே."

துணி விஷயம் என்பதால் அன்றே அதிகாரி, குமாஸ்தா, தையற்காரி மூவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

"ஒரு துண்டுத் துணிக்கா சார் இவ்வளவு பேரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரூல் அப்படி" என்றார் அதிகாரி.

பின்னறைப் பூட்டு திறந்தது. நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தான் ஒரு பையன். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வாயில் நீலப் பூக்கள்.

"உங்க துணிதானா?" என்று கேட்டார் அதிகாரி.

"என்னோடதுதான்." முடிச்சை அவளே அவிழ்த்தாள். "தண்ணி குடிக்கிறியாப்பா? நான் பக்கத்து டெய்லர் கடை."

பையன் உதட்டை நனைத்துக்கொண்டான். "மிஷின் அக்காவா? நேத்துலேர்ந்து மிஷின் ஓடலையே. உடம்புக்கு முடியலையோன்னு நெனச்சேன்."

அதிகாரி வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

குமாஸ்தா புதிதாக ஒரு தாளை எடுத்தார். "இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி."

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றபடி எழுத ஆரம்பித்தார்.