பெரிய சிலிண்டரை ஜெயித்த கதை

பிரேக் சரியில்லாத காரில் மகளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவதில் ஒரு வசதி உண்டு. தேவாலயத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடலாம். அங்கே நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

என் மகள் நஜ்லாவுக்கு ஜூன் கடைசியில் கல்யாணம். என்னுடைய அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவல் காரில்தான் போய் இறங்குவேன் என்று ஆறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். நான் சும்மா இருந்திருக்கலாம். அமெரிக்காவில், டொலீடோ நகரில் மூன்று தலைமுறையாகக் கம்பளம் விற்கும் அரபுக் கிறிஸ்தவர்களான எங்கள் ஃபத்தூல் குடும்பத்தில் சும்மா இருக்கத் தெரிந்தவன் எவனும் பிறந்ததில்லை. குளிர்காலத்தில் எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றி, முரட்டு ஒன்றைப் போட்டேன். நிற்கும் இடத்திலேயே வண்டி மதம் பிடித்த யானை போல உறுமியது. ஆனால் எஞ்சின் இழுக்கும் காற்றை வைத்துத்தான், மிதிப்பதை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. உறுமல் ஏற ஏற அந்த இழுப்பு செத்துவிட்டது. பெடல் மரக்கட்டையாகிவிட்டது.

முதல் ஓட்டத்திலேயே, தெருமுனையில் நிற்கச் சொல்லும் பலகையை மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கடந்து போனோம்.

"பாபா, ஒண்ணு பிரேக்கைச் சரி பண்ணுங்க, இல்ல நான் ஜெரோமோட அக்கா வேன்ல போயிடறேன்" என்றாள் நஜ்லா.

மாப்பிள்ளையின் அக்கா வேனா! பின் சீட்டில் குழந்தை நாற்காலியும் பிஸ்கட் தூளும் கிடக்கும் வேனில் ஃபத்தூல் வீட்டுப் பெண்ணா! பழைய கேமைத் திரும்பப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் உறுமலும் போய்விடும். அதனால் பூஸ்டரையே கழற்றிவிட்டு, காலின் பலத்தாலேயே அமுக்கும் பிரேக்குக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன். அதற்கு, மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் வேறு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகச் சந்தையில் வெர்னா கிழவி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிரேக் சாமான் அவளிடம் இல்லையென்றால் ஒஹையோவிலேயே இல்லை.

"பூஸ்டரைக் கழட்டப் போறியா? அப்ப இந்தச் சின்னதை எடுத்துக்கோ தம்பி. துவாரம் ஒரு அங்குலம்."

"அந்தப் பெரிசு?"

"அது ஒன்றே அரைக்கால். பூஸ்டர் இருக்கற வண்டிக்கு. உனக்கு ஆகாது."

உனக்கு ஆகாது! எங்கள் கடையில் இதை எப்போது சொல்வோம் தெரியுமா? மூலையில் சுருட்டி வைத்த கம்பளத்தைக் காட்டி, "அது உங்களுக்கு ஆகாதும்மா" என்று என் அப்பா சொன்னால், அந்த அம்மாள் அதை வாங்காமல் வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. என்னிடமேயா இந்த வித்தை? நான் முகம் சுளித்தேன், இரண்டு தடவை விலகிப் போனேன், இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். கடைசியில் சின்னதன் விலைக்கே பெரியதை அடித்துப் பேசி வாங்கினேன்.

"கால் வலிச்சா என்கிட்ட வராதே" என்றாள் வெர்னா. தோற்றவள் புலம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

பூஸ்டரைக் கழற்றினேன். எஞ்சினுக்குப் போன குழாயை அடைத்தேன். பெடலில் தள்ளுகோலை மேல் துளைக்கு மாற்றினேன். அதில் நெம்புவிசை அதிகம். குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற நஜ்லா பெடலை மிதிக்க, நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"அமுக்கு. பிடி. விடு."

"பாபா, இது பெடலா, சுவரா?"

"புதுசு அப்படித்தான் இருக்கும்."

புதுசு அப்படியே இருந்தது. வண்டியைத் தெருவில் இறக்கி, பெடலில் இரண்டு காலையும் ஊன்றி, ஸ்டியரிங்கைப் பிடித்துச் சீட்டிலிருந்து எழுந்தே விட்டேன். வண்டி அண்டை வீட்டு காஸ்மரெக்கின் ரோஜா வேலிக்குள் அரை உடம்பை நுழைத்து நின்றது. நஜ்லா பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினாள். தலையிலிருந்து இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கைப்பேசியில் ஜெரோமின் அக்காவைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கம்பளக்காரனுக்கு முதலிலேயே புரிந்திருக்க வேண்டிய விஷயம். அகலச் செருப்பால் மிதித்தால் கம்பளத்தில் தடம்கூட விழாது. அதே ஆள் ஊசிக் குதிகால் செருப்போடு மிதித்தால் ஓட்டை விழும். கால் பலம் ஒன்றுதான். சிலிண்டர் குறுகலாக இருந்தால்தான் அழுத்தம் கூடும். உலகத்திலேயே பெரிதாக வாங்கினால் நஷ்டமாகும் ஒரே சாமானைத் தேடிப்பிடித்து, பேரம் வேறு பேசி வாங்கியிருக்கிறேன்.

அடுத்த சந்தையில் வெர்னா என்னைப் பார்த்ததுமே கடலையைக் கீழே வைத்தாள்.

"வாப்பா. கால் எப்படி இருக்கு?"

"அந்தச் சின்னது..."

"இருக்கு. ஆனா அது உனக்கு ஆகாதே."

"நீங்க சொல்ற விலைக்கே எடுத்துக்கறேன்."

அவள் என்னைக் கவலையோடு பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? கம்பளக்கடை ஆளுங்க இப்படிப் பேச மாட்டாங்களே!"

சின்னதை மாட்டியபின் நஜ்லா என்னை நம்பத் தயாராக இல்லை. தானே ஓட்டிப் பார்த்தாள். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கியது. ஆனால் பலகைக்கு முன்னால், கோட்டுக்கு உள்ளேயே வண்டி நின்றது. திரும்ப ஓட்டி, திரும்ப நிறுத்தினாள்.

"நிக்குது பாபா. ஆனா நல்லா மிதிக்கணும்."

"மிதிக்கறேன்."

"எந்த முட்டியை வெச்சு? மாடிப்படி ஏறவே நீங்க ரெண்டு தடவை உட்காரணும்."

வேன் ரத்தானது. ஆனால் புது நிபந்தனை வந்தது: வண்டியை ஓட்டப்போவது அவள்.

"கல்யாணப் பொண்ணு ஓட்டறதா? ஊர் சிரிக்கும்மா. தேவாலயம் வரைக்கும் நான் ஓட்டறேன்."

"இல்ல."

"சரி, பாதி தூரம்."

"இல்ல."

"கடைசித் திருப்பம் மட்டும்? ஆளுங்க பார்க்கற இடத்துல?"

"பாபா, சாவி."

எங்கள் குடும்பத்தில் ஒரு காசு தள்ளுபடிகூட இல்லாமல் முடிந்த முதல் பேரம் அது. கல்யாணத்தன்று அவள் வெள்ளை கவுனை முழங்காலுக்கு மேல் சுருட்டி, ஓட்டப்பந்தய ஷூ போட்டு, முக்காட்டை ஜன்னலுக்கு வெளியே பறக்கவிட்டு ஓட்டினாள். யானை உறுமியது. நான் பக்கத்து சீட்டில் பூச்செண்டை மடியில் வைத்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தேவாலய வாசல் நெருங்கியது. படியில் பாதிரியார், ஜெரோம், இரண்டு குடும்பமும். நஜ்லா பல்லைக் கடித்து மிதித்தாள். வண்டி முதல் படிக்கு ஒரு முழம் முன்னால், ஆடாமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பாபா, இறங்குங்க" என்றாள்.

"இதோ வரேம்மா" என்றேன். பெடலே இல்லாத என் பக்கத்து வண்டித் தரையை என் இரண்டு காலும் இன்னும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தன.